காட்டுக்குத் திரும்பும் புலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலியே இல்லாமல் போன காட்டில் மறுபடி புலியைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கூண்டுக் கதவு திறப்பதும் புலி பாய்ந்து ஓடுவதும் வீடியோவில் அரை நிமிடம் வரும். அதற்கு முன்னும் பின்னும் ஓடுகிற ஆண்டுகள் வீடியோவில் வருவதில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ஆண்டுகளைப் பற்றியவை.

புலி எண்ணிக்கைதான் கூடிவிட்டதே, இன்னும் எதற்கு இந்த வேலை?

கூடியது உண்மை. இந்தியாவில் 2006-ல் 1,411 என்று வந்த கணக்கு 2022-ல் 3,682 ஆனது. நேபாளத்தில் 2009-ல் 121 இருந்தது 2022-ல் 355. உலகம் முழுக்கக் காட்டில் வாழும் புலிகள் 2023 கணக்குப்படி 5,574. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சம் இருந்திருக்கும் என்கிற மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தால் இது சொற்பம். ஆனாலும் சரிவு நின்று ஏறுமுகம் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

சிக்கல் மொத்தக் கணக்கில் இல்லை, அது எங்கெங்கே சேர்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. சில காடுகளில் இடம் போதாமல் ஆண்புலிகள் ஒன்றையொன்று அடித்துக் கொல்கின்றன. இன்னும் சில காடுகளில் மரமும் தண்ணீரும் இருக்கின்றன, புலி மட்டும் இல்லை. கம்போடியா, லாவோஸ், வியட்நாம் மூன்றிலும் காட்டுப்புலி அற்றுப்போய்விட்டது. பாலி, ஜாவா, காஸ்பியன் புலிகள் உலகிலேயே இல்லை. நிரம்பி வழியும் இடத்திலிருந்து காலியான இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை யோசனை. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

மிருகக்காட்சிசாலைகளில் ஏகப்பட்ட புலிகள் இருக்கின்றனவே, அவற்றை விடக்கூடாதா?

கூடாது. இந்தக் கேள்விக்கு மட்டும் இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லலாம்.

காட்டுப்புலிக் குட்டி ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு தாயோடு திரிகிறது. எந்தப் பக்கம் காற்றடிக்கும்போது எப்படி நெருங்குவது, மானின் கழுத்தில் எந்த இடத்தில் பல் இறங்க வேண்டும், முள்ளம்பன்றியிடம் ஏன் வம்புக்குப் போகக்கூடாது என்பதெல்லாம் அந்தக் காலத்தில் கற்பது. இதையெல்லாம் கற்காதது கூண்டுப்புலிக்கு ஒரு குறைதான். ஆனால் மனிதனைக் கண்டு பயப்படாதது அதைவிடப் பெரிய குறை. அதற்கு மனிதன் என்றால் சாப்பாடு கொண்டுவருபவன். பசித்த புலி அந்த நினைப்போடு ஊர்ப்பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ரத்தக் கலப்பு. 1970-களில் காட்டுயிர்ப் பாதுகாவலர் பில்லி அர்ஜன் சிங் இங்கிலாந்திலுள்ள ஒரு மிருகக்காட்சிசாலையிலிருந்து தாரா என்ற பெண்புலிக் குட்டியை வாங்கிவந்து, வளர்த்து, உத்தரப் பிரதேசத்தின் துத்வா காட்டில் விட்டார். துணிச்சலான முயற்சிதான். பல ஆண்டுகள் கழித்துத் துத்வா புலிகளைப் பரிசோதித்தபோது சைபீரியப் புலியின் மரபணுத் தடயம் தெரிந்தது. தாரா கலப்பினம் என்று அது வந்தபோது யாருக்கும் தெரியாது. ஒருமுறை காட்டில் கலந்துவிட்டதைத் திரும்பப் பிரித்தெடுக்க வழி கிடையாது.

அதற்காகக் கூண்டுப்புலியால் பயனே இல்லை என்று அர்த்தமில்லை. பரம்பரைப் பதிவேடு வைத்து ஒழுங்காக இனப்பெருக்கம் செய்யப்படும் புலிகள் ஒரு சேமிப்பு மாதிரி. அவற்றின் குட்டிகள் வேறொரு வழியில் உதவலாம். கஸகஸ்தான் பற்றிய கேள்வியில் அதைப் பார்ப்போம்.

அப்படியானால் எந்தப் புலியை விடுகிறார்கள்?

பெரும்பாலும் இன்னொரு காட்டில் பிறந்து வளர்ந்த புலியைத்தான். இரண்டு மூன்று வயது, தாயைவிட்டுப் பிரிந்து சொந்த எல்லை தேடுகிற பருவம். அந்த வயதில் அது எப்படியும் வீட்டைவிட்டுக் கிளம்பத்தான் போகிறது, நாம் திசையைக் கொஞ்சம் மாற்றுகிறோம். எல்லை பிடித்து நிலைத்துவிட்ட பெரிய ஆண்புலியைத் தூக்கினால் புது இடத்தில் நிற்காது. பழைய இடத்திலும் குழப்பம் வரும்: காலியான எல்லைக்குள் வேறு ஆண் நுழைந்து பழைய ஆணின் குட்டிகளைக் கொல்லும்.

தாயை இழந்து, மனித வாடை படாமல் வளர்க்கப்பட்ட குட்டிகள் இரண்டாவது வகை. இரண்டும் கிடைக்காத இடத்தில்தான் கூண்டுப்புலியின் குட்டிகள் பற்றிய பேச்சே வரும்.

பொதுவாகப் பெண்ணை முதலில் விடுவார்கள். பெண் ஓர் இடத்தில் தங்கிவிட்டால் ஆணுக்கும் அங்கே நிற்க ஒரு காரணம் கிடைக்கிறது.

ஒரு புலியை எப்படித்தான் இடம் மாற்றுகிறார்கள்?

இந்தியாவில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் வந்த பிறகுதான் காட்டில் வேலை தொடங்கும். எந்தப் புலி என்று முன்பே முடிவாகியிருக்கும். மனிதக் கைரேகை போல ஒவ்வொரு புலியின் வரிகளும் தனி. அதனால் தானியங்கிக் கேமராவில் விழுந்த படத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடலாம். யானைமேல் இருந்தோ ஜீப்பிலிருந்தோ மயக்க ஊசியைத் தொடையில் சுடுவார்கள். ஊசி பட்டதும் புலி உறுமிக்கொண்டு புதருக்குள் போய்விடும். உடனே பின்னால் ஓடக்கூடாது. கால் மணி நேரம் போல அசையாமல் காத்திருக்க வேண்டும், அதே சமயம் அது தண்ணீர்ப் பக்கம் போய் விழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழுந்த புலியின் கண் திறந்தேதான் இருக்கும். இமைக்காது. காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டுமருந்து விட்டு, மேலே துணியைக் கட்டுவார்கள். உடம்புச் சூட்டை நொடிக்கு நொடி பார்ப்பார்கள். ஏறினால் தண்ணீரை ஊற்றுவார்கள். ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார், இன்னொருவர் ரத்தம் எடுப்பார், மற்றொருவர் கோரைப்பல்லை அளந்துகொண்டிருப்பார். இருக்கும் இடத்தைச் சிக்னலாகச் சொல்லும் ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டும்போது விரல் நுழைகிற அளவு இடைவெளி விடுவார்கள். இறுக்கினால் புண்ணாகும், தளர்ந்தால் கால் மாட்டிக்கொள்ளும். கூண்டு இருட்டாக, காற்றோட்டத்தோடு, புலி திரும்ப முடியாத அகலத்தில் இருக்கும். திரும்ப இடமிருந்தால் மோதி மோதிப் பல்லை உடைத்துக்கொள்ளும். பிறகு மாற்று மருந்து. சில நிமிடங்களில் உள்ளிருந்து உறுமல் கேட்டால்தான் சுற்றியிருப்பவர்களுக்கு உயிர் வரும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் நேராகக் காட்டில் விடுவதும் உண்டு, வேலி போட்ட திடலில் சில நாள் வைத்திருந்து விடுவதும் உண்டு. அந்த ஊரின் வாடையும் சத்தமும் பழகட்டும் என்றுதான் இரண்டாவது முறை.

சரிஸ்காவில் என்ன நடந்தது?

ராஜஸ்தானில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்பது 2004-05-ல் தெரியவந்தது. அதுவரை காகிதத்தில் புலிகள் இருந்தன. வேட்டைக்காரர்கள் ஒவ்வொன்றாக எடுத்து முடித்திருந்தார்கள். நாடே அதிர்ந்தது, பிரதமர் தனிக்குழு அமைத்தார், இன்றைய ஆணையம் பிறந்ததும் அந்த அதிர்ச்சியில்தான்.

2008 ஜூன் கடைசியில் ரணதம்போரிலிருந்து ஓர் ஆண்புலியை விமானப்படை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். அடுத்த சில நாட்களில் ஒரு பெண். அற்றுப்போன இடத்தில் காட்டுப்புலியை மீண்டும் கொண்டுவந்து குடியேற்றியதில் உலகுக்கே இது முன்னோடி. ஆனால் வருடங்கள் ஓடியும் குட்டி பிறக்கவில்லை. வந்த புலிகள் நெருங்கிய ரத்த உறவுகள் என்ற விமர்சனம் எழுந்தது. காட்டுக்குள்ளேயே கிராமங்கள், கோயிலுக்குப் போகும் கூட்டம், வண்டிச் சத்தம். புலிகளின் எச்சத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், மனித நடமாட்டம் கூடிய இடங்களில் அவற்றுக்கு உடல் அழுத்தமும் கூடியிருப்பதைக் கண்டார்கள். 2010 நவம்பரில் அந்த முதல் ஆண்புலி விஷம் வைத்துக் கொல்லப்பட்டது.

குட்டிகள் கேமராவில் விழுந்தது 2012-ல்தான். ஹெலிகாப்டரில் இரண்டாவதாக வந்த அந்தப் பெண்தான் தாய். எஸ்.டி.-2 என்பது எண், ராஜமாதா என்பது ஊரார் வைத்த பெயர். அது 2024 ஜனவரியில் வயதாகி இறந்தது. இன்று சரிஸ்காவில் 40-க்கு மேல் புலிகள். தொடங்கிய இரண்டாம் ஆண்டில் கேட்டிருந்தால் பலரும் தோல்வி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பன்னாவை எல்லோரும் வெற்றிக்கதை என்கிறார்களே, அங்கே என்ன விசேஷம்?

மத்தியப் பிரதேசத்தின் பன்னாவும் அதே மாதிரிதான் காலியானது. புலிகள் குறைகின்றன என்று அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ரகு சுண்டாவத் எச்சரித்தபோது அதிகாரத் தரப்பு மறுத்தது. 2009-ல் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில் பாந்தவ்கரிலிருந்து ஒரு பெண்ணும் கன்ஹாவிலிருந்து ஒரு பெண்ணும் வந்தன. டி-1, டி-2. நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து டி-3 என்ற ஆண்புலி. இந்த டி-3 செய்த காரியம்தான் கதை. திறந்துவிட்ட சில நாளிலேயே தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கியது. தெற்கே இருந்தது அது பிறந்த பெஞ்ச். வண்டியில் அடைத்துக் கொண்டுவந்த புலிக்குத் திசை எப்படித் தெரிந்தது என்று யாரும் இன்னும் திருப்தியாக விளக்கவில்லை. வயல், சாலை, ஊர் ஓரம் எல்லாவற்றையும் தாண்டி, பெரும்பாலும் இரவில், ஒரு மாதத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தது. வனத்துறை ஆட்களும் யானைகளும் காலர் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். வழியில் அது ஒரு மனிதரையும் தொடவில்லை.

டிசம்பர் 25 அன்று மறுபடி மயக்கிப் பன்னாவுக்கே கொண்டுவந்தார்கள். இந்த முறை ஒரு வேலை செய்தார்கள்: போபாலில் உள்ள வன விஹாரிலிருந்து பெண்புலியின் சிறுநீரை வரவழைத்துக் காட்டில் தெளித்தார்கள். இங்கே பெண் இருக்கிறாள் என்று புலியின் மொழியில் எழுதிய கடிதம் அது. டி-3 நின்றுவிட்டது. 2010 ஏப்ரலில் டி-1 நான்கு குட்டிகள் ஈன்றது. இன்று பன்னாவில் 50-க்கு மேல் புலிகள், அங்கே பிறந்தவை பக்கத்துக் காடுகளுக்கும் பரவுகின்றன.

விசேஷம் சிறுநீரில் மட்டும் இல்லை. ஓடிப்போன புலியின் பின்னால் ஒரு மாதம் இரவும் பகலும் போக ஆள் இருந்தது. புலியை இழந்த அவமானம் அந்தக் காட்டின் ஊழியர்களை வேறு மனிதர்களாக்கியது என்பது என் கருத்து.

தாயில்லாத குட்டிக்கு வேட்டையை யார் சொல்லிக்கொடுப்பது?

யாரும் இல்லை. உள்ளே இருக்கிற உந்துதலுக்குப் பயிற்சி கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் இதை நன்றாகச் செய்து காட்டினார்கள்.

2012 பிப்ரவரியில் பனிக்காட்டில் வேட்டைக்குப் போனவர்கள் கண்ணில் ஒரு பெண்குட்டி பட்டது. எலும்பும் தோலுமாக, வாலின் நுனி உறைபனியில் கருகிப்போய். வால் நுனியை வெட்ட வேண்டிவந்தது. ஜோலுஷ்கா என்று பெயர் வைத்தார்கள், சிண்ட்ரெல்லாவின் ரஷ்யப் பெயர். உயரமான அடைப்பு வேலி போட்ட காட்டுத் திடலில் வளர்த்தார்கள். கேமரா மட்டுமே அதைப் பார்த்தது. முதலில் முயல் மாதிரிச் சிறு பிராணிகள், பிறகு உயிருள்ள மான், காட்டுப்பன்றி. அடித்துச் சாப்பிடத் தெரிகிறது, மனிதனைக் கண்டால் விலகுகிறது என்று இரண்டும் உறுதியான பிறகு 2013 மே மாதம் பாஸ்டாக் காப்பகத்தில் விட்டார்கள். அந்த வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாகப் புலி இல்லை. எங்கிருந்தோ ஓர் ஆண்புலியும் வந்து சேர்ந்தது. 2015-ல் இரண்டு குட்டிகளோடு ஜோலுஷ்கா கேமராவில் விழுந்தது.

அதே திட்டத்தில் போரிஸ், ஸ்வெத்லாயா என்று இரண்டு. தனித்தனி இடங்களில், வெகுதூரம் தள்ளி விடப்பட்டவை. போரிஸ் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் ஏறத்தாழ நேர்கோட்டில் நடந்து ஸ்வெத்லாயா இருந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆறு மாதத்தில் குட்டிகள். இதைப் படித்துவிட்டு டி-3-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. கன்ஹாவில் தாயை இழந்து அடைப்புக்குள் வளர்ந்த இரு சகோதரிகளை 2011-ல் பன்னாவில் விட்டார்கள். அவற்றில் டி-4 வேட்டையும் பழகி, குட்டியும் போட்டது.

தோற்றுப்போன முயற்சிகளும் உண்டா?

உண்டு. ஒடிசாவின் சத்கோசியா அதில் முக்கியமானது. 2018 ஜூனில் மத்தியப் பிரதேசத்திலிருந்து மகாவீர் என்ற ஆணும் சுந்தரி என்ற பெண்ணும் வந்தன. இந்தியாவில் மாநிலம் விட்டு மாநிலம் புலியைக் கொண்டுவந்தது அதுவே முதல்முறை. சுந்தரி ஊர்ப்பக்கம் திரிந்தது, இரண்டு பேர் இறந்ததற்கு அதுதான் காரணம் என்று மக்கள் கொதித்தார்கள், வனத்துறைச் சொத்துகளுக்குத் தீ வைக்கும் அளவுக்குப் போனது. நவம்பரில் மகாவீர் செத்துக் கிடந்தது. சுருக்குக் கம்பியில் பட்ட காயம். சுந்தரியைப் பிடித்து அடைத்தார்கள், 2021-ல் மத்தியப் பிரதேசத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். இரண்டரை ஆண்டு அடைப்புக்குள் கிடந்த புலியால் மறுபடி காட்டில் வாழ முடியவில்லை.

இதில் புலிகளின் தப்பு என்ன? காட்டில் கம்பி இருந்தது, ஊரில் சம்மதம் இல்லை. அந்த இரண்டும் சரியாகும் முன் கூண்டைத் திறந்துவிட்டார்கள்.

ரஷ்யாவிலும் எல்லாம் இனிப்பு இல்லை. குஜ்யா என்ற புலி 2014-ல் ஆமூர் ஆற்றை நீந்திச் சீனாவுக்குள் போய்க் கோழிப்பண்ணையில் கைவைத்தது. ஊஸ்தின் அதே மாதிரி அக்கரை போய் ஆடுகளை அடித்துவிட்டுக் கடைசியில் மிருகக்காட்சிசாலைக்கே போக வேண்டியதாயிற்று.

தென்சீனப் புலியின் கதை இன்னும் விசித்திரம். 2003-ல் தொடங்கிச் சில குட்டிகளைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் வேட்டை பழக்கினார்கள். பழகவும் செய்தன. ஆனால் திரும்பப் போய் வாழச் சீனாவில் காடு தயாராக இல்லை.

காடு தயாராக இருப்பது என்றால் என்ன? மரம் இருந்தால் போதாதா?

மரத்தைப் புலி தின்னாது. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவு இரை வேண்டும். வருடத்துக்குப் பத்தில் ஒன்றை எடுத்தால்தான் மந்தை குறையாமல் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு புலிக்குப் பின்னால் 500 இரைவிலங்குகள் நிற்க வேண்டும். பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருந்து, உள்ளே போனால் குளம்புத் தடமே இல்லாத காடுகள் நிறைய உண்டு.

அதனால் பல இடங்களில் புலிக்கு முன்னால் மான் போகிறது. மானுக்கு மயக்க ஊசி சரிப்படாது, பயத்திலேயே உடல் சூடேறி, தசை கெட்டு இறந்துவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த போமா முறையை மத்தியப் பிரதேசத்தில் கையாள்கிறார்கள். புல்வெளியில் புனல் மாதிரி, வாய் அகலமாகவும் போகப்போகக் குறுகலாகவும் இரண்டு பக்கமும் மறைப்புக் கட்டுவார்கள். புனலின் முனையில் சரிவுப்பலகை, அதன் முடிவில் லாரி. மான்கூட்டம் மேய்ந்துகொண்டே உள்ளே வந்ததும் பின்பக்கம் திரையை இழுத்து மூடுவார்கள். மான் தன் காலாலேயே நடந்து லாரியில் ஏறிவிடும். யாரும் தொடுவதில்லை. 2011-ல் கன்ஹாவிலிருந்து பாந்தவ்கருக்குக் காட்டுமாடுகளையும் கொண்டுபோனார்கள். அங்கே அவை 1990-களின் கடைசியில் அற்றுப்போயிருந்தன. தாய்லாந்தில் கடமான்களை விடுகிறார்கள்.

அடுத்தது கம்பி. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று போதும், பன்றிக்கு வைத்ததில் புலி மாட்டும். கம்போடியா, லாவோஸ், வியட்நாமின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் கண்ணிகள் இருக்கலாம் என்று 2020-ல் ஒரு மதிப்பீடு வந்தது. எடுக்க எடுக்க வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

ஊர்க்காரர்களை வெளியேற்றிவிட்டுத்தான் புலியை விடுகிறார்களா?

சில இடங்களில் ஆம், இது மறைக்க வேண்டிய விஷயமும் இல்லை. சரிஸ்காவில் காட்டுக்குள் இருந்த கிராமங்களைக் கட்டம் கட்டமாக வெளியே குடியமர்த்தினார்கள், இன்னும் முடியவில்லை. இந்தியாவில் இடம்பெயரும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றிருந்த தொகை பிறகு 15 லட்சம் ஆனது. 2006 வன உரிமைச் சட்டப்படி மக்களின் ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. நடைமுறையில் அந்த ஒப்புதல் எப்படி வாங்கப்படுகிறது என்பதில் புகார்கள் ஓய்ந்ததில்லை. காட்டில் பிறந்து வளர்ந்தவரிடம் காகிதத்தை நீட்டி ரேகை வாங்குவதற்கும் அவர் மனம் ஒப்பிச் சம்மதிப்பதற்கும் தூரம் அதிகம்.

வெளியேறாமல் விளிம்பில் வாழ்பவர்களுக்கு முக்கியம் மாடுதான். புலி அடித்த மாட்டுக்கான இழப்பீடு ஒரு வாரத்தில் கைக்கு வந்தால் மனிதர் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆறு மாதம் இழுத்தால் மிச்சமிருக்கிற இறைச்சியில் பூச்சிமருந்து கலக்கப்படும். எத்தனையோ புலிகள் செத்தது இப்படித்தான்.

புலியே தானாக நடந்து வராதா?

வரும். அதுதான் எனக்குப் பிடித்த வழி. 2019-ல் மகாராஷ்டிராவின் திபேஷ்வரிலிருந்து காலரோடு கிளம்பிய ஓர் இளம் ஆண்புலி சுற்றிச்சுற்றி 3,000 கிலோமீட்டர் நடந்து ஞானகங்கா சரணாலயம் சேர்ந்தது. ‘வாக்கர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ரஷ்யாவிலிருந்து எல்லை தாண்டிச் சீனாவின் வடகிழக்கில் புலிகள் குடியேறின, 2021-ல் அங்கே ஒரு தேசியப் பூங்காவே முறைப்படி அமைந்தது. தாய்லாந்தில் ஹுவாய் கா கெங் காட்டில் பெருகியவை பக்கத்து மே வோங்குக்குப் போயின. மயக்க ஊசி இல்லை, ஹெலிகாப்டர் இல்லை, செலவும் குறைவு.

ஆனால் வழித்தடம் வேண்டும். நடுவில் நான்குவழிச் சாலை வந்துவிட்டால் முடிந்தது. அப்புறம், வாக்கர் போய்ச் சேர்ந்த காட்டில் பெண்புலி இல்லை. ஆண்கள் தொலைதூரம் நடக்கும், பெண்கள் பெரும்பாலும் தாயின் எல்லைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். அதனால்தான் சில இடங்களில் பெண்ணை மட்டுமாவது கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறது.

புலி இருக்கிற காட்டுக்கே ஏன் வெளியிலிருந்து புலி கொண்டுபோகிறார்கள்?

ஒடிசாவின் சிமிலிபாலைத்தானே கேட்கிறீர்கள்? அங்கே கறுப்புப் பட்டைகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பே கறுத்துத் தெரியும் புலிகள் உண்டு. பார்க்க அழகு. ஆனால் 2021-ல் வந்த மரபணு ஆய்வு, ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் அது என்றும், வெளித்தொடர்பு அற்றுப்போன சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் இவ்வளவு பரவியது என்றும் காட்டியது. புது ரத்தத்துக்காக 2024 கடைசியில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்று இரண்டு பெண்புலிகளைக் கொண்டுவந்தார்கள்.

ஜீனத் டிசம்பரில் கிளம்பியது. ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்காளம். மூன்று மாநில வனத்துறையும் பின்னால் ஓடின. 29-ந் தேதி பாங்குராவில் மயக்கிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சிவிங்கிப்புலித் திட்டமும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தவை வேறு இனம், வேறு கண்டம், வேறு விவாதம். பெயரில் புலி இருப்பதால் குழப்பம்.

ஒரு நாட்டில் முழுவதுமாக அழிந்த புலியைக்கூடத் திரும்பக் கொண்டுவரலாமா?

கஸகஸ்தான் அதைத்தான் முயல்கிறது. பல்காஷ் ஏரிக்குத் தெற்கே, இலி ஆறு வந்து சேரும் நாணல் காடுகளில் ஒருகாலத்தில் காஸ்பியன் புலி இருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே புலி இல்லை. காஸ்பியன் புலியும் ஆமூர் புலியும் (சைபீரியப் புலிக்கு இன்னொரு பெயர்) மரபணு அளவில் ஏறக்குறைய ஒன்றே என்று 2009-ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த முடிவில் இருந்துதான் திட்டம் முளைத்தது. 2018-ல் இலி-பல்காஷ் காப்பகத்தை அறிவித்தார்கள், ஆற்றோர மரங்களை நட்டார்கள், புகாரா மானையும் குலான் என்கிற காட்டுக்கழுதையையும் கொண்டுவந்தார்கள். புலிக்கு இன்னும் முறை வரவில்லை என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

2024 நவம்பரில் நெதர்லாந்திலிருந்து போதானா, குமா என்று இரண்டு ஆமூர் புலிகள் வந்தன. இவை வெளியே விடப்படாது, கூண்டில் வாழ்ந்தவை. இவற்றுக்குக் குட்டி பிறந்தால், அந்தக் குட்டிகளை மனித வாடை படாமல் வளர்த்து விடுவது என்பது எண்ணம்.

கம்போடியாவில் கடைசிப் புலி கேமராவில் விழுந்தது 2007-ல். 2016-ல் இனி இல்லை என்று அறிவித்தார்கள். 2022-ல் இந்தியாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. மேலே சொன்ன கண்ணிக் கணக்கை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு, அங்கே அவசரப்பட வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெற்றி என்று எப்போது சொல்லலாம்?

விட்ட புலி ஓராண்டு உயிரோடு இருந்தால் நல்ல தொடக்கம். குட்டி போட்டால் பத்திரிகைக்குச் செய்தி. அந்தக் குட்டி வளர்ந்து, நாம் பார்க்காத ஒரு புதரில் தானும் குட்டி போட்டால் அப்போது பேசலாம். பன்னாவுக்கு அதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆயின. சரிஸ்காவுக்கு இன்னும் அதிகம்.

அந்தக் காலர் வாழ்நாள் முழுக்கக் கழுத்திலேயே கிடக்குமா?

கிடக்காது. பேட்டரி சில ஆண்டுகள்தான் வரும். தானாகக் கழன்று விழும் வகையும் உண்டு, இல்லாவிட்டால் மறுபடி மயக்கிக் கழற்ற வேண்டும். காட்டிலேயே பிறந்த குட்டிகள் பெரும்பாலானவற்றுக்குக் காலரே மாட்டுவதில்லை. அவற்றை வரியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.